கடித்துக் கொடுத்த கேரட்

எஸ்தரின் கணவர் ஏறிப்போன குதிரை கடற்கரையிலிருந்து தனியாகத் திரும்பி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. வந்தபோது சேணம் நனைந்திருந்தது. தேடப் போன படகுகள் வெறுமனே திரும்பின. குதிரை எதையும் தின்னவில்லை. எஸ்தர் சமையலறையில் இருந்த வெல்லம், ஊறிய கொள்ளு, கேரட் எல்லாவற்றையும் நீட்டிப் பார்த்தாள். அது மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அண்ணன் கடிச்சுக் குடுத்தாதான் வாங்கும் அண்ணி," என்றான் கொழுந்தன் தாவீது. "யாராவது விஷம் வச்சிருவாங்கன்னு அப்படிப் பழக்கி வச்சிருக்காரு. அண்ணன் வரட்டும், தின்னும்."

"இன்னிக்கும் தின்னலன்னா குடல் நின்னுரும்னு மாட்டு டாக்டர் சொல்லிட்டுப் போனாரே."

"நீங்க மட்டும் தின்னீங்களா? அவர் வந்தாதான் சாப்பிடுவேன்னு உக்காந்திருக்கீங்க."

எஸ்தர் ஒரு கேரட்டை எடுத்தாள். கேரட்டின் நுனியைக் கடித்தாள். வாய் வறண்டிருந்ததால் நெடுநேரம் மெல்ல வேண்டியிருந்தது. அவள் விழுங்கும்வரை குதிரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மீதியை வாங்கிக்கொண்டது.

அவள் அடுத்த கேரட்டை எடுத்தாள்.

"கோயில்ல போய் துக்க மணி அடிக்கச் சொல்லு, தாவீது. உங்க அண்ணன் செத்துட்டாரு."