அணைக்கும் சோதனை

தூத்துக்குடியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த ஜெசிந்தாவை லூபஸ் நோய் மைதானத்திலிருந்து நூலகத்துக்குத் தள்ளிவிட்டது. வெயில் பட்டாலே முகம் சிவந்து தடிக்கும், மூட்டெல்லாம் வீங்கும். புது சிகிச்சையின் முதல் கட்டச் சோதனைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தாள். அவளுடைய ரத்த அணுக்களையே எடுத்துத் திருத்தி, திரும்ப அவள் உடம்பில் ஏற்றினார்கள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, உச்சி வெயிலில் பிள்ளைகளோடு கோகோ ஆடினாள். கணவர் அந்தோணி வேலிக்கு வெளியே நின்று அழுதார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சோதனையை நடத்தும் டாக்டர் இளம்பரிதி அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"கடைசியா ஒண்ணு பாக்கிம்மா. அந்த அணுக்களை இங்கேருந்தே சிக்னல் அனுப்பி அணைக்க முடியுதான்னு பார்க்கணும். ஒப்பந்தத்துலயே இருக்கு."

"நான் நல்லாத்தானே இருக்கேன் சார்?"

"அதனாலதான். நல்லா வேலை செய்யிற உடம்புலதான் அணைச்சுப் பார்க்க முடியும்."

"மறுபடி போட்டுவிடுவீங்கல்ல?"

"அது இரண்டாம் கட்டம். அதுக்குப் புது ஆளுங்களைத்தான் எடுப்பாங்க."

"அப்போ நான் சம்மதிக்க மாட்டேன்" என்று எழுந்தாள்.

"உக்காருங்கம்மா. காலையிலேயே அணைச்சாச்சு. இப்ப ரத்தம் எடுக்கத்தான் வரச்சொன்னோம்."

அந்த மாதம் முடிவதற்குள் கன்னங்கள் பழையபடி சிவந்தன. டாக்டர் போனில் அழைத்து, அணைப்பு முழு வெற்றி என்றார். அவருக்குப் பின்னால் பலர் கைதட்டுவது கேட்டது. வீங்கிய விரல்களில் போன் நிற்காததால், அந்தோணிதான் அதை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தார்.