காளிதாசன் எழுதிய வரி

“தம்பி, பழசெல்லாம் அழிச்சிட்டுப் புதுசா போடப் போறீங்களாமே? என்னோடத மட்டும் விட்டுருங்க லா.”

சர்வர் அறை வாசலில் கணக்குப் பிரிவு தேவகி நின்றிருந்தார். மலேசியாவின் கோலா கெத்திலில் அந்தச் செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்துக்குப் புது நெட்வொர்க் அமைக்க வந்திருந்த அழகேசன் நிமிர்ந்தான். வந்து ஒரு வாரமாகிறது. பாஸ்வேர்டு கேட்காமல் அவனிடம் பேசிய முதல் மனுஷி இவர்தான்.

“எதக்கா?”

“காலைல கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வரி வரும். ‘தேவகி, சாப்டாச்சா?’ன்னு. ஓக்கே தட்டினா போயிரும்.”

லாகின் ஸ்கிரிப்ட். ஆள் நுழைந்ததும் பிரிண்டரை இணைப்பது, கோப்புகளைக் கொண்டுவருவது என்று தானாக ஓடும் கட்டளைகள். பழசை ஒன்றுவிடாமல் துடைக்கச் சொல்லி மேலாளர் தர்மலிங்கம் காலையில்தான் கறாராக உத்தரவு போட்டிருந்தார்.

“யாருக்கா எழுதுனது?”

“காளிதாசன் அண்ணன். உங்க வேலைய முன்னாடி பாத்தவரு. நேர்ல பேசவே மாட்டாரு, வாயில கொழுக்கட்டைய வச்சிருக்கற மாதிரி. எனக்குன்னு இத எழுதி வச்சிட்டு, போன வருசம் மாரடைப்புல போய்ட்டாரு.” தேவகி ஒரு எட்டு உள்ளே வந்தார். “வீட்டுக்காரரு இல்ல. மக ஜொகூர்ல. சாப்டியான்னு கேக்க இந்த மெஷின விட்டா எனக்கு நாதியில்ல தம்பி. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாங்க.”

சொந்த ஊர் ஜித்ராவில் அம்மா இறந்தபின் அழகேசனை மட்டும் யார் கேட்டார்கள்?

“அழிக்க மாட்டேன்க்கா. நீங்க போங்க.”

தேவகி போன சூட்டோடு தர்மலிங்கம் உள்ளே வந்தார். சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற மனிதர். வந்ததும் கதவைச் சாத்தினார்.

“காலைல எல்லாத்தையும் தொடச்சிருன்னு சொன்னேன்ல?”

“ஆமா சார்.” தேவகிக்காக எப்படிப் பரிந்து பேசுவது என்று அவன் வார்த்தை தேடினான்.

“என் மெஷின்ல ஒரு வரி இருக்கு. காளிதாசன் எனக்குன்னே ஸ்பெஷலா எழுதினது. காலைல பேர் சொல்லி, சாப்டாச்சான்னு கேக்கும்.” அவர் தரையைப் பார்த்தார். “அத மட்டும் விட்டுரு. வெளிய மூச்சு விடாத, தம்பி.”

அவர் போனதும் அழகேசன் ஸ்கிரிப்டைத் திறந்தான். தேவகியின் பெயர் இல்லை. தர்மலிங்கத்தின் பெயரும் இல்லை. எவர் நுழைந்தாலும் அவர் பெயரை எடுத்து முன்னால் ஒட்டிக்கொண்டு கேட்கும் ஒரே ஒரு வரி, மொத்த அலுவலகத்துக்கும்.

அதை அப்படியே புதுச் சர்வரில் ஏற்றினான். ஓடுகிறதா என்று பார்க்கத் தனக்கும் ஒரு பயனர் கணக்கு உண்டாக்கி உள்ளே நுழைந்தான்.

‘அழகேசன், சாப்டாச்சா?’

மத்தியானம் வாங்கிவந்த மீ கோரிங் நூடுல்ஸ் பொட்டலம் மேசை ஓரத்தில் பிரிக்காமலே ஆறிக் கிடந்தது.

“இன்னும் இல்லண்ணே,” என்றான், ஒருநாளும் பார்த்திராத காளிதாசனிடம்.