ஒரு மணி நேரம் பேசக்கூடாது

பிடுங்கிய கடைவாய்ப் பல் கிண்ணத்தில் விழுந்து ‘டிங்’ என்றது. இனி அந்த மனிதர் இந்தக் கிளினிக்குக்கு வர ஒரு காரணமும் இல்லை.

பல் டாக்டரின் கவலை அதுதான்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பல்லை முதல் நாளே பிடுங்கியிருக்க வேண்டும். அவள் முதலில் எக்ஸ்ரே எடுத்தாள். பிறகு வீக்கம் வடியட்டும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினாள். அதற்கும் பிறகு, சிவனே என்று கிடந்த மற்ற பற்களையெல்லாம் சுத்தம் செய்தாள். அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, சொன்ன நாளிலெல்லாம் வந்து நின்றார். “சரி டாக்டர்”, “வரேன் டாக்டர்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அவருக்கு வேற பல் டாக்டரே கிடைக்கலையா? நீங்களும் ஒரே ஒரு பல்லை வச்சு தொடர்கதை ஓட்டுறீங்க” என்று காலையில்தான் உதவியாளர் கேட்டிருந்தாள். கொஞ்சம் வாய் நீளம். ஆனால் கை சுத்தம்.

இப்போது அந்த உதவியாளர் கருவித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். பின்னறைக் கதவு சாத்திக்கொண்டது.

கேட்பதென்றால் இப்போதே கேட்டாக வேண்டும்.

டாக்டர் பஞ்சை உருட்டி, பல் இருந்த பள்ளத்தில் வைத்தாள். எத்தனையோ வாய்களுக்குள் அலுங்காமல் போய்வந்த விரல்கள் அந்தப் பஞ்சை இரண்டு தரம் நழுவவிட்டன.

பயந்து நடுங்குகிறவர்களுக்கு அவள் ஒரு வழி சொல்வாள். கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருங்கள், மனசு அங்கே போய்விடும் என்பாள். அவளுடைய கட்டைவிரல் இப்போது ஷூவுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. மனசு எங்கேயும் போகிற வழியாக இல்லை.

“நல்லா கடிச்சுக்கங்க. ஒரு மணி நேரத்துக்கு வாயத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது” என்றாள். அடுத்ததையும் அதே மூச்சில், மருந்துச் சீட்டு வாசிக்கிற அதே குரலில் சொல்லி முடித்தாள். “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

அவர் கண்கள் விரிந்தன. கை பஞ்சை நோக்கிப் போயிற்று.

“எடுக்காதீங்க, ரத்தம் நிக்காது. தலையும் ஆட்ட வேணாம். வீட்டுக்குப் போய், அப்புறமா போன்ல சொன்னா போதும்.”

இது அவள் பல நாள் யோசித்துப் போட்ட கணக்கு. முடியாது என்று வருவதானால் தொலைவிலிருந்து வரட்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்க வேண்டியதில்லை. அதுவரை ஒரு மணி நேரம் நிம்மதியாகவும் இருக்கலாம்.

அவர் எழுந்தார். கைக்குட்டையால் உதட்டோரம் ஒற்றிக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே போனார்.

போனவர் தெருவில் இறங்கவில்லை. வெளியே போட்டிருந்த நாற்காலியில், கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

கணக்கில் இது இல்லை.

அடுத்து வந்தவர் முரட்டு மீசைக்காரர். ஊசியைக் கண்டதும் மீசை முனை இரண்டும் தொங்கிவிட்டன.

“பயப்படாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

“எனக்கு ஏற்கெனவே பயம் டாக்டர். இதுல உங்க கை வேற ஆடுது” என்றார் மீசைக்காரர், ஏறக்குறைய அழுகிற குரலில்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். கையைக் குளிர்ந்த நீரில் கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக் கதவுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மீசைக்காரரின் பல்லில் சொத்தை ஆழமாக இறங்கியிருந்தது. அவருக்கு அது கெட்ட செய்தி. அவளுக்கு அது கைகொடுத்தது. கறுப்பைச் சுரண்டச் சுரண்ட, உலகத்தில் அந்த ஒரு பல்லைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போயிற்று. கை தானாக நின்றது.

அடைத்து முடிக்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. கேட்டாகிவிட்டது. இத்தனை நாள் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. வேண்டாம் என்றால் அழுவாள், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டாள். அதற்குப் பிறகும் யாருக்காவது பல் வலிக்கும். கிளினிக்கைத் திறந்துதான் ஆக வேண்டும்.

மீசைக்காரர் வாய் கொப்பளித்துவிட்டு, மீசையை நீவிக்கொண்டே கிளம்பிப் போனார்.

உதவியாளர் எட்டிப் பார்த்தாள். “டாக்டர், அந்த சார் இன்னும் கிளம்பல. வலிக்குதான்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார். வாட்சையே முறைச்சுப் பார்த்துட்டு இருக்கார்.”

அவள் பின்னாலேயே அவர் வந்து நின்றார்.

நிதானமாகப் பஞ்சை வெளியே எடுத்தார். அதைக் குப்பைக் கூடையில் போட்டார். தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் இன்னும் மரத்துத்தான் இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றவும் மறந்து நின்றாள்.

“வாசப் பூட்ட மாத்திட்டியா?” என்றார் அவர், பாதி உதட்டால். “என்னோட சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்கு.”

உதவியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்து, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து, அந்தப் பூட்டை மாற்றச் சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. அவளுக்குத்தான் மனசு வரவில்லை.