முப்பதாம் தலைமுறைச் சொந்தம்

"செத்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்" என்றார் புள்ளியியல் பேராசிரியர்.

"எந்த வழியில?" பிணவறைக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி விடுவதாயில்லை.

"அப்பா அம்மா ரெண்டு, தாத்தா பாட்டி நாலுன்னு இரட்டிச்சுக்கிட்டே போனா, முப்பதாம் தலைமுறையில நூறு கோடி. அப்ப உலகத்துலயே அத்தனை ஜனம் கிடையாது. அதனால எங்களுக்குப் பொதுவா ஒரு பாட்டன் இருந்திருக்கணும். கிட்டத்தட்ட நிச்சயம்."

அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்படிப் பாத்தா நானும் உங்க பங்காளிதான்! கிட்டத்துச் சொந்தம் ஏதும் இல்லையா சார்?"

"காலைல வரைக்கும் இருந்துச்சு." பேராசிரியர் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். "பிறப்புச் சான்றிதழ் பத்தாதுன்னு உங்களுக்கு முன்னாடி இருந்தவர் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தார். நான் மகனா இருக்க வாய்ப்பே இல்லைன்னு இன்னிக்கு வந்துடுச்சு. அதுக்காக, அப்பாவை இங்க விட்டுட்டு எந்த வீட்டுக்கு சார் போவேன்?"