எலும்புக்குப் பசி

பிரஷர் பார்க்கும் பட்டை கையில் இறுகியது.

வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் இந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள்.

நர்ஸ் ஜெர்லின் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் படுத்திருந்தவளின் உள்ளங்கையைத் தன் கையில் ஏந்தியபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் பாராதைராய்டு கட்டியை எடுத்து ஆறு நாள் ஆகிறது. எடுத்த மறுநாளே உதடு மரத்தது. சாயங்காலம் விரல்கள் நீட்டியபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மணிக்கட்டு மடங்கியது. கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. பயந்துபோனாள்.

ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். இத்தனை வருடம் அந்தக் கட்டியால் இழந்ததையெல்லாம் எலும்பு அவசரமாக இழுத்துக்கொள்கிறதாம். எலும்புக்குப் பசியாம்.

அன்றிலிருந்து கால்சியம் ஊசி. காலையும் மாலையும் இந்தச் சோதனை. மூன்று நிமிடம் பட்டையை இறுக்கி வைத்து, கை தானாக இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டி, உதடு துடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அவள் கன்னத்தைக் கடைசியாகத் தொட்டவர் அவள் புருஷன். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம்.

வெட்கக்கேடுதான். ஊசிக்கும் மாத்திரைக்கும் நடுவே, இந்த வயதில் இப்படி ஒரு சுகம்.

தம்பி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். கூட இருக்கும் அட்டெண்டர் எங்கே என்று யார் கேட்டாலும், டீ வாங்கப் போயிருக்கிறான் என்றாள். ஆறு நாளாக டீ வாங்கிக்கொண்டிருக்கிறான்.

நேற்றே உதடு துடிக்கவில்லை. இன்று ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்துவிட்டது. இந்தச் சோதனையும் சரியாக இருந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

பூட்டிக் கிடக்கும் வீடு.

இரண்டு நிமிடம் ஆயிற்று.

கை சும்மா கிடந்தது. பாழாய்ப்போன கை. வேண்டாத நேரத்தில் அந்தப் பாடு படுத்தியது.

இரண்டரை.

அவள் விரல்களை மடக்கினாள்.

“இழுக்குது சிஸ்டர்.”

ஜெர்லின் குனிந்து பார்த்தாள். நிஜமான இழுப்பில் விரல்கள் நீண்டு கூம்பி நிற்கும், மடங்காது. இந்தக் கை ஜெர்லினுடைய வலது கையின் இரண்டு விரல்களைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

காற்றை இறக்கினாள். பட்டை தளர்ந்தது. பிடி தளரவில்லை.

 ஜெர்லின் சோதனை அட்டையை மடியில் வைத்து, இழுப்பு இல்லை என்று குறித்தாள்.

இடது கையால். எழுத்து கோணல்மாணலாக வந்தது.