துரைக்கல்லில் ஒரு பெயர்

“அண்ணி, கொஞ்சம் தள்ளுங்க. கல்லு வெட்டுற பாஸ் உளியக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரந்தான் நிப்பாரு?”

கொழுந்தன் கஜேந்திரன் சொன்னது ஜீவராணியின் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை. துரைக்கல்லுக்கு முன்னால் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. எந்தக் காலத்திலோ கடல் தாண்டிச் சண்டைக்குப் போன வெள்ளைக்காரத் துரைமாரின் பெயர்களை வெட்டி நட்ட கல்தான் துரைக்கல். போன சீமையிலேயே செத்துப்போன பாவப்பட்ட ஆவிகளாயிற்றே என்று லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்துச் சனங்கள் இரக்கப்பட்டு, சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். கொழும்பிலோ துபாயிலோ யாராவது செத்து, உடம்பு ஊர் வந்து சேராவிட்டால் அவர்களுக்கும் இங்கேதான் படையல்.

இன்றைக்குக் கிஷாந்துக்கு; கல்லில் பேரும் வெட்டப் போகிறார்கள். ஜீவராணியின் புருஷன். ரஷ்யாவில் ஓட்டல் வேலை என்று ஒரு ஏஜென்சிக்காரன் ஆசை காட்டிக் கூட்டிப்போய்ப் பட்டாளத்தில் தள்ளிவிட்டான், பாவி. “இங்க ஒரே பனி புள்ள. நம்ம மலைக் குளிரு எவ்வளவோ தேவல” என்று போனில் சிரித்ததுதான் கடைசி. இரண்டு வருஷமாகிறது. ஆளும் வரவில்லை, போனும் வரவில்லை.

“அவரு செத்துட்டாருன்னு யாரு பாத்தா?” என்றாள் ஜீவராணி.

“கூடப் போனவன்தான் வந்து சொன்னானே அண்ணி. குண்டு விழுந்த எடத்துல பையி மட்டுந்தான் கெடந்துச்சுன்னு.”

“அப்ப பையி செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. ஒத்துக்கிறேன்.”

மாமியார் நாகலெட்சுமி சோற்றுத் தட்டோடு நின்றாள். மகனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு.

“எனக்கு மட்டும் ஆசையாடி? பெத்த வயிறு பத்தி எரியுது. எம்புள்ள எந்தக் காட்டுல பசியோட அலையுதோ! ஒரு பேர வெட்டி, ஒரு வாய் சோத்த வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

மாமியார்மேல் ஜீவராணிக்குக் கோபம் வரவில்லை. ரெண்டு பேரும் ஏங்கிக் கிடப்பது ஒரே ஆளுக்காகத்தானே! ஆனால் பேரை வெட்டிவிட்டால் சாயந்தரமே தாலியைக் கழற்றச் சொல்வார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்போதெல்லாம், பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்களில் அவன் இருக்கிறானா என்று நின்று பார்ப்பாளே, நாளையிலிருந்து அப்படிப் பார்த்தால் பைத்தியக்காரி என்பார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

கல் வெட்ட வந்த சோலைமலை பாஸ் கல்லைத் தட்டிப் பார்த்தார். “கீழ பூராத் துரைமாரு பேருதான். மேல கரி அப்பியிருக்கிற எடத்துல வேணும்னா வெட்டலாம். அதச் சுரண்டணும்.”

தலைமுறை தலைமுறையாக ஏற்றிய விளக்கின் கரியும், எண்ணெயும், குங்குமமும் அங்கே கட்டியாகப் படிந்திருந்தன. துரைச்சாமி கோபிப்பார் என்று யாரும் அதில் கை வைத்ததில்லை.

“நானே கழுவுறேன்” என்றாள் ஜீவராணி சட்டென்று.

கொஞ்ச நேரமாவது தள்ளிப்போகட்டுமே! லயத்துக்குப் போய்ச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தேங்காய்ப் பொச்சு நாரும் எடுத்து வந்தாள். வேண்டுமென்றே மெதுவாகத் தேய்த்தாள்.

“ஹட்டன் பஸ் போயிரும் தங்கச்சி” என்றார் சோலைமலை.

“சாமி காரியம்ணே. அரைகுறையாச் செய்யலாமா?”

“அண்ணி, நீங்க கல்லையே கரைச்சிருவீங்க போல!” கஜேந்திரன் பல்லைக் கடித்தான்.

கரி இளகிக் கறுப்பாக வழிந்தது. அதற்கடியில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்துகள். ஜீவராணி ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். கை நின்றுவிட்டது. தண்ணீரை அள்ளி ஊற்றி இன்னொரு தடவை வாசித்தாள்.

“தம்பி, இத நீங்க படிங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க.”

தோட்டத்து ஆபீசில் வேலை செய்யும் கஜேந்திரனுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. சலித்துக்கொண்டே குனிந்தான். வாசித்தவனின் குரல் போகப் போக இறங்கியது.

“கடல் கடந்து யுத்தத்துக்குப் போன இவங்க எல்லாரும்... உசுரோட தோட்டத்துக்குத் திரும்பி வந்ததுக்காக... ஆண்டவனுக்கு நன்றி.”

நாகலெட்சுமி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள். சோலைமலை உளியைப் பைக்குள் போடப் போனார்.

“என்னண்ணே கெளம்பிட்டீங்க?” ஜீவராணி எழுந்து வழிவிட்டாள். “வெட்டுங்க. எம்புருஷன் பேர நல்லாப் பெருசா வெட்டுங்க!”