ஒரு சுழி போதும்

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்யபிரியாவின் அழகு நிலையத்துக்குள் நுழைந்தவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். தலையில் குல்லா. மூக்கு வரை கைக்குட்டை.

"ஏனுங்க மேடம், கரண்டு வெச்சு முடி எடுப்பீங்களாமா? மறுபடி மொளைக்காதுங்களா?"

"எலக்ட்ராலிசிஸ். ஒவ்வொரு முடியா ஊசி விட்டு வேரையே கருக்கிருவோம். அப்புறம் ஜென்மத்துக்கும் மொளைக்காது. எங்க எடுக்கணும்?"

"மொதல்ல கதவைச் சாத்துங்க. வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுங்க."

போச்சுடா, போலீஸ் தேடுகிற ஆள்! சத்யபிரியாவின் கை மெல்ல போனுக்குப் போனது. அதற்குள் அவன் குல்லாவைக் கழற்றிக் குனிந்தான். உச்சந்தலையில் அக்கம்பக்கமாக இரண்டு சுழிகள்.

"ரெட்டைச் சுழி இருந்தா ரெண்டு கல்யாணம் ஆகும்னு நம்பறாங்க மேடம். அஞ்சு எடத்துல பொண்ணு பாத்தாச்சு. மருவாதையா பெரியவங்க கால்ல உழுகறேன், அப்பத்தான் மண்டையப் பாத்தர்றாங்க. காப்பி ஆறுறதுக்குள்ள வேண்டாம்னர்றாங்க."

சேலத்துக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள் சத்யபிரியா. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

"சுழியாவது, ரெண்டு கல்யாணமாவது! சுத்தப் பைத்தியக்காரத்தனம். படுங்க, ஒண்ணை அழிச்சிரலாம். அந்த இடம் வழுக்கையாத் தெரியும், பரவாயில்லையா?"

"வழுக்கைன்னா எவனும் ஒண்ணும் கேக்க மாட்டானுங்க மேடம்."

பெயர் கோகுல்ராஜ். சொந்த ஊர் புதுச்சத்திரம். லாரி டயர் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றும் வேலை. ஏழு மாதம் ஞாயிறு தவறாமல் வந்தான். ஊசி சுரீரென்று இறங்கும்போதெல்லாம் "அய்யோ சாமி" என்று அலறுவான். நடுவில் போன் அடித்தால் பட்டென்று நிறுத்துவான். "கம்பெனிங்க. ஞாயித்துக்கெழமை கூட நிம்மதியா உடறதில்லை."

சத்யபிரியாவுக்கு மனம் இளகிவிட்டது. கல்யாணத்துக்காக இவ்வளவு வலியைப் பொறுக்கிறானே, இவனைக் கட்டிக்கொள்பவள் கொடுத்துவைத்தவள்! கடைசி நான்கு தடவை காசே வாங்கவில்லை.

வெண்ணந்தூரில் வெண்ணிலா என்ற பெண்ணைப் பார்க்கப் போகும் முன், கடையிலேயே ஒத்திகை நடந்தது. சத்யபிரியா பெண்ணின் அத்தையாக இடுப்பில் கைவைத்து நின்றாள். அவன் மூன்று தடவை காலில் விழுந்தான்.

"ஒரே சுழி! பாஸ்!" என்று அத்தை குதித்தாள்.

கல்யாணத்தன்று கடையில் கூட்டம், அவளால் போக முடியவில்லை. பத்து மணிக்குப் போனில் படம் வந்தது. மாலையும் கழுத்துமாக கோகுல்ராஜ். கீழே, 'தாலி கட்டியாச்சு அக்கா! எல்லாம் உங்க புண்ணியம்!'

சத்யபிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓர் ஊரையே ஏமாற்றிவிட்ட சந்தோஷம். காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கி நீட்டினாள்.

அப்போது கசங்கிய சீட்டு ஒன்றைப் பிடித்தபடி ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அவளுக்கும் ஒரு ஜிலேபி. சீட்டை வாங்கிப் பார்த்தாள் சத்யபிரியா. தன் கடைச் சீட்டுதான், கோகுல்ராஜ் பெயரும் இருந்தது.

"அட, அவர் அனுப்பினாரா உங்களை?"

"அனுப்பலீங்க. சட்டையத் தொவைக்கறப்ப பையில கெடந்துச்சு. ஞாயித்துக்கெழமை ஆனா டூட்டின்னுட்டுக் கெளம்பீருவாரு. இங்கதான் வந்தாராட்ட இருக்குது. என்ன ஏதுன்னு விசாரிக்கலாம்னு வந்தனுங்க."

"நீங்க அவர் தங்கச்சியா?"

வந்தவள் ஜிலேபியைக் கடித்தபடி சிரித்தாள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க, மேட்டூர்ல அவரு எனக்குத் தாலி கட்டி ஆறு வருசமாச்சு!"